அடிச்சிட்டுப் போறவனும் உக்காந்து பேசுறவனும்

எங்கப்பா பறையடிச்சவர். ஊர்த்தெருவில் மாரியம்மன் தேர் கிளம்பணும்னாலும், யார் வீட்டிலாவது சாவு விழுந்தாலும் சேரிக்கு ஆள் வரும். 'டேய், நாலு பேரக் கூட்டிக்கிட்டு வந்துடு' என்று சொல்லிவிட்டுப் போவான், அப்பாவைவிட இருபது வயது சின்னவன். இராத்திரி முழுக்க அடிப்பார்கள். சனம் சுற்றி நின்று பார்க்கும், ஆடும், விசிலடிக்கும். போதை ஏறினவன் ரூபாய் நோட்டை அப்பா சட்டையில் குத்திவிடுவான். அடித்து முடிந்ததும் பந்தலை விட்டு வெளியே போய்விட வேண்டும். பந்தலுக்குள் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். 'உக்காருப்பா' என்று ஒருத்தர் சொன்னதில்லை. 'அடிய பாக்கக் கண்ணு இருக்கு, அடிக்கிறவனப் பாக்கத்தான் கண்ணு இல்ல' என்பார் அப்பா. ஒருநாள் பறையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். அப்புறம் இறக்கவே இல்லை.

பஞ்சாயத்து டிவி ஊர்த்தெருவில்தான் இருந்தது. நாங்கள் படிக்குக் கீழே நின்று எட்டிப் பார்ப்போம். 2006க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச டிவி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் உட்கார்ந்து டிவி பார்த்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் தட்டுப்பட்டது இதே நாற்காலிதான். அங்கே கறுப்பு மக்களைத் தொலைக்காட்சியில் பாட விட்டார்கள், ஆட விட்டார்கள், சிரிக்க வைக்க விட்டார்கள். உட்கார விடுவதில்தான் தகராறு. அந்த நாற்காலியில் ஐந்தரை வருடம் உட்கார்ந்த ஒரு கறுப்பர் அர்செனியோ ஹால். அவரைப் பற்றி இங்கே எழுதப் போகிறேன். நடிகர், நகைச்சுவைக்காரர், போராளி அல்ல. தோழர்கள் சிலருக்கு 'இவன எதுக்கு எழுதுற' என்று தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

1

அமெரிக்காவில் இரவு பதினொன்றரை மணிக்கு மேல் வரும் பேச்சு நிகழ்ச்சி என்பது ஒரு தனிச் சாதி. 1954இல் என்பிசி தொடங்கிய 'டுநைட் ஷோ' அதற்கு அச்சு. திரை விலகும், வெள்ளைக்கார ஆண் ஒருவர் கோட்டு சூட்டோடு வந்து நின்று அன்றைய அரசியலைக் கிண்டலடிப்பார். பிறகு ஒரு மேசைக்குப் பின்னால் போய் உட்காருவார். பக்கத்தில் ஒரு சோபா. நடிகரோ எழுத்தாளரோ அமைச்சரோ வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்து அவரோடு பேச வேண்டும். நாடு படுக்கையில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டுத் தூங்கும். 1962 அக்டோபர் 1 முதல் 1992 மே 22 வரை முப்பது வருடம் ஜானி கார்சன் அந்த மேசையில் இருந்தார். புதிய நகைச்சுவைக்காரன் ஒருவன் தன் பங்கை முடித்ததும் கார்சன் கையசைத்துச் சோபாவுக்குக் கூப்பிட்டால் அவன் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். கூப்பிடவில்லை என்றால் அப்படியே திரைக்குப் பின்னால் போய்விட வேண்டியதுதான்.

சோபா என்பது வெறும் பஞ்சு மெத்தை இல்லை என்பதை முதலில் உடைத்துச் சொன்னவர் டிக் கிரகரி. செயின்ட் லூயிஸ் நகரத்து ஏழைக் குடும்பத்தில் 1932இல் பிறந்த கறுப்பு நகைச்சுவைக்காரர். 1961இல் சிகாகோவில் வெள்ளைக்காரர்கள் கூடும் கேளிக்கை விடுதியில் நிறவெறியைக் கிழித்துப் பேசிப் பேர் வாங்கினார். அப்போது டுநைட் ஷோ ஜாக் பார் கையில் இருந்தது. அங்கிருந்து கூப்பிட்டார்கள். எந்தக் கலைஞனும் ஓடிப் போகும் இடம். கிரகரி மாட்டேன் என்று போனை வைத்துவிட்டார். காரணம் பின்னாளில் அவரே பலமுறை சொன்னதுதான்: அந்த நிகழ்ச்சியில் கறுப்பர்கள் வந்து தங்கள் வித்தையைக் காட்டுவார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள், வெள்ளையர்கள் மட்டும் சோபாவில் உட்கார்ந்து பேசுவார்கள். ஜாக் பாரே போன் செய்து ஏன் என்று கேட்டார். கிரகரி காரணத்தைச் சொன்னார். 'வா, உட்காரு' என்றார் பார். கிரகரி போனார், பேசினார், உட்கார்ந்தார். தனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சாதாரணமாகப் பேசினார். அதற்குப் பின் அவருடைய கூலி பல மடங்கு ஏறியது.

இதற்கு ஒரு வருடம் முன்னால், 1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பு மாணவர்கள் வெள்ளையர் மட்டும் உட்காரும் கடை மேடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அந்தக் கடையில் கறுப்பர்கள் சாமான் வாங்கலாம், காசு கொடுக்கலாம், உட்காரத்தான் கூடாது. காசுக்குத் தீட்டில்லை, ஆளுக்குத்தான் தீட்டு. இது நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத விஷயம்.

2

அதற்கும் முந்தின கதை நாட் கிங் கோலுடையது. குரலில் தேன் வைத்திருந்த பாடகர். 1956 நவம்பரில் என்பிசி அவர் பேரிலேயே ஒரு வாராந்திர நிகழ்ச்சி தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் அவர் பாடிக்கொண்டிருந்தபோது வெள்ளை நிறவெறியர்கள் மேடையேறித் தாக்கினார்கள். கேட்க வந்த கூட்டமும் வெள்ளைக் கூட்டம்தான், அடிக்க வந்த கூட்டமும் வெள்ளைக் கூட்டம்தான். அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியைச் சனங்கள் பார்த்தார்கள், பெரிய பெரிய பாடகர்கள் குறைந்த கூலிக்கு வந்து பாடிக் கொடுத்தார்கள். ஆனால் நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. தெற்கில் சரக்கு விற்காது என்று பயந்தார்கள். 1957 டிசம்பரில் கோல் தானே நிறுத்திக்கொண்டார். விளம்பரக் கம்பெனிகளின் தெருவான மேடிசன் அவென்யூவுக்கு இருட்டைக் கண்டால் பயம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு 1968. பிப்ரவரி 5 முதல் 9 வரை ஐந்து இரவுகள் கார்சன் விடுப்பில் போக, அவர் மேசையில் ஹாரி பெலஃபோன்டேவை உட்கார வைத்தார்கள். கலிப்ஸோ பாடகர், நடிகர், மார்ட்டின் லூதர் கிங்கின் நெருங்கிய தோழர். அவர் அந்த ஐந்து இரவையும் சும்மா கழிக்கவில்லை. கிங்கைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ராபர்ட் கென்னடியைக் கூப்பிட்டு ஏழ்மையைப் பற்றிக் கேட்டார். அரீத்தா ஃபிராங்க்ளின், சிட்னி பாய்ட்டியர், லீனா ஹார்ன், பாடகி பஃபி செயின்ட்-மேரி என்று அந்தச் சோபாவின் நிறமே மாறிப்போனது. ஏப்ரல் 4 அன்று கிங்கைச் சுட்டார்கள். ஜூனில் கென்னடியைச் சுட்டார்கள். அந்த ஐந்து இரவுகளின் நாடாக்களில் பெரும்பகுதி பாதுகாக்கப்படாமல் அழிந்துபோனது. மிச்சமிருந்த துண்டுகளை வைத்து 2020இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். நம் வரலாற்றுக்கு நேர்வதேதான் அவர்கள் வரலாற்றுக்கும் நேர்கிறது.

அதே 1968இல் பெட்டுலா கிளார்க் என்ற வெள்ளைப் பாடகி பெலஃபோன்டேவோடு பாடும்போது அவர் கையைத் தொட்டார். விளம்பரம் கொடுத்த கார் கம்பெனியின் ஆள் பதறிப்போய் வேறு காட்சியைப் போடச் சொன்னார். கிளார்க் மறுத்துவிட்டார். தொட்ட காட்சிதான் ஏப்ரலில் ஒளிபரப்பானது. தொட்டது வெறும் கையைத்தான். அதற்குத்தான் அவ்வளவு கூச்சல்.

பெலஃபோன்டேவுக்குக் கிடைத்தது ஐந்து இரவுதான். மறு திங்கட்கிழமை மேசை பழையபடி வெள்ளையாகிவிட்டது. அதன் பிறகு தனக்கென்று ஒரு மேடை போட்டுத் தொடர்ந்து நடத்த ஒரு கறுப்பருக்கு இருபத்தோரு வருடம் பிடித்தது.

3

அர்செனியோ ஹால் 1956 பிப்ரவரி 12 அன்று ஒஹையோ மாநிலம் கிளீவ்லாண்டில் பிறந்தார். தகப்பன் பாப்டிஸ்ட் சபைப் பாதிரியார். தாயும் தகப்பனும் பிரிந்துவிட, தாயும் பாட்டியும்தான் வளர்த்தார்கள். கிளீவ்லாண்டு ஆலைத் தொழில் நகரம். பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பர்கள் நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். 1966 ஜூலையில் ஹஃப் என்ற பகுதி பற்றியெரிந்தது. மதுக்கடை ஒன்றில் கறுப்பருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னதில் தொடங்கிய கலவரம். நாலு பேர் செத்தார்கள். நாலு பேரும் கறுப்பர். மறுவருடமே, 1967 நவம்பரில், அதே நகரம் கார்ல் ஸ்டோக்ஸைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கப் பெருநகரம் ஒன்றின் முதல் கறுப்பு மேயர். ஹாலுக்கு அப்போது பதினோரு வயது. தண்ணீர் மறுத்ததையும் மேயர் நாற்காலி கிடைத்ததையும் அடுத்தடுத்துப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

பையன் மாயவித்தை கற்றுக்கொண்டான். டிரம்ஸ் அடிப்பான். ராத்திரி கார்சனைப் பார்ப்பான். நானும் இந்த வேலைதான் பார்ப்பேன் என்று தாயிடம் சொன்னானாம். 1977இல் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். ஏழு வருடத்துக்கு முன்னால், வியட்நாம் போருக்கு எதிரான போராட்டத்தின்போது மாணவர்கள் நாலு பேரைத் தேசியக் காவல்படை சுட்டுக் கொன்றது அந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

பிறகு சிகாகோ. சின்னச் சின்ன விடுதிகளில் தனியாக நின்று சிரிக்க வைக்கும் வேலை. ஜாஸ் பாடகி நான்சி வில்சன் அவரைப் பார்த்துத் தன் நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் போனார். கறுப்புப் பெண் ஒருத்தி தூக்கிவிட்ட கை. அங்கிருந்து லாஸ் ஏஞ்சலஸ். 1983இல் ஒரு வெள்ளைக்காரரின் இரவு நிகழ்ச்சியில் பக்கவாத்தியம் போல ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கும் வேலை. அதுவும் சீக்கிரமே முடிந்தது.

திருப்பம் 1987இல். புதிதாக வந்த ஃபாக்ஸ் நிறுவனம் 1986 அக்டோபரில் ஜோன் ரிவர்ஸ் என்ற யூதப் பெண்ணை வைத்துக் கார்சனுக்கு எதிராக ஓர் இரவு நிகழ்ச்சி தொடங்கியிருந்தது. ஏழு மாதத்தில் அவரைத் துரத்திவிட்டது. நாற்காலி காலி. யார் யாரையோ உட்கார வைத்துப் பார்த்தார்கள். இலையுதிர் காலத்தில் பதின்மூன்று வாரத்துக்கு ஹாலை உட்கார வைத்தார்கள். எப்படியும் இழுத்து மூடப்போகும் கடை, கறுப்பன் உட்கார்ந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பதின்மூன்று வாரத்தில் இளைஞர் கூட்டம் திரும்பி வந்தது. ஆனாலும் ஃபாக்ஸ் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்த வேறொரு நிகழ்ச்சியைப் போட்டது. அது ஒரு மாதத்தில் செத்தது. அதற்குள் ஹால் பாரமவுண்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். 1988இல் நண்பர் எடி மர்ஃபியோடு 'கமிங் டு அமெரிக்கா' படத்தில் பல வேடம் கட்டியிருந்தார். முகம் நாடறிந்த முகம்.

4

1989 ஜனவரி 3 அன்று 'அர்செனியோ ஹால் ஷோ' தொடங்கியது. இது எப்படி நடந்தது என்பது முக்கியம். எந்தப் பெரிய வலைப்பின்னலும் அவருக்குத் தன் இரவைக் கொடுக்கவில்லை. பாரமவுண்ட் நிகழ்ச்சியைத் தயாரித்து ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்றது. ஊர்த்தெருவில் கடை வைக்க இடம் கிடைக்காதவன் தலையில் கூடை சுமந்து வீடு வீடாய் விற்கிற மாதிரி. அடுத்த வாரம் சிபிஎஸ் என்ற பெரிய வலைப்பின்னல் பாட் சேஜக் என்ற வெள்ளைக்காரரை வைத்து ஓர் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது 1990 ஏப்ரலில் மூட்டை கட்டியது. சிபிஎஸ்ஸைச் சேர்ந்த பல நிலையங்களே அந்த நேரத்தை ஹாலுக்குக் கொடுத்தன. கூடைக்காரன் கடைக்காரனை வென்றான்.

ஹால் முதலில் செய்த காரியம் மேசையை எடுத்தது. விருந்தாளியும் அவரும் எதிரெதிரே நாற்காலியில், சோபாவில். நடுவில் தடுப்பில்லை. முழங்காலுக்கு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து பேசினார். சொகுசாகத் தெரியலாம். முப்பத்தைந்து வருடமாக ஒரு மேசை நின்ற இடம் அது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனை எங்கள் சனம் தாலுகா ஆபீசில் பார்த்திருக்கிறது, காவல்நிலையத்தில் பார்த்திருக்கிறது. மேசை இருந்தால் மனு கொடுக்கலாமே தவிரப் பேச்சு பேச முடியாது.

இரண்டாவது, சத்தம். கிளீவ்லாண்டின் பிரௌன்ஸ் கால்பந்து அணி ரசிகர்கள் மைதானத்தில் நாய் போலக் குரைத்து உற்சாகப்படுத்துவார்கள். ஹால் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் உட்காரும் கூட்டத்துக்கு நாய்ப்பட்டி என்றே பேர். கைமுட்டியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு வூஃப், வூஃப், வூஃப் என்று கத்துவார்கள். பிறகு நாடே கத்தியது. நாகரிகமான இரவு நிகழ்ச்சிகளில் மெல்லிய கைதட்டல்தான் வழக்கம். இது தெருவின் சத்தம், தேவாலயத்தில் பாதிரியார் பேசும்போது 'ஆமென்' என்று எதிர்க்குரல் கொடுக்கும் கறுப்புச் சபையின் சத்தம். நாயே என்று திட்டு வாங்கிய வாய் அதையே தூக்கித் திருவிழா ஆக்கியது. பறையின் சத்தத்தை இரைச்சல் என்று சொன்ன காதுகளை நமக்குத் தெரியும்.

மூன்றாவது, விருந்தாளிகள். கார்சன் மேடையில் ராப் பாடகர்களுக்கு இடம் அரிது. ஹால் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். எம்.சி. ஹாமர், என்.டபிள்யூ.ஏ., டூபாக் ஷகூர் எல்லாரும் அங்கே வந்தார்கள். பாடிவிட்டு ஓடவில்லை, உட்கார்ந்து பேசினார்கள். காவல்துறை எங்கள் பிள்ளைகளை என்ன செய்கிறது என்று பேசினார்கள். டிக் கிரகரி 1961இல் கேட்டது 1989இல் வழக்கமாக ஆனது.

1991 நவம்பர் 7 அன்று கூடைப்பந்து வீரர் மாஜிக் ஜான்சன் தனக்கு எச்ஐவி இருப்பதாக அறிவித்தார். அடுத்த இரவே அவர் போய் உட்கார்ந்த இடம் ஹாலின் சோபா. எய்ட்ஸ் என்றால் தொடாதே என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். ஹால் அவரை அணைத்துக்கொண்டார். 1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்தது. லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது, ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த நாள்களில் நகரத்தின் கறுப்பு மேயர் டாம் பிராட்லி சனங்களோடு பேச வந்தது ஹாலின் மேடைக்கு. வேறு எந்த இரவு நிகழ்ச்சியிலும் அந்தத் தெருக்கள் அவர் பேச்சைக் கேட்டிருக்காது.

5

இனிச் சங்கடமான பகுதிக்கு வருகிறேன். நம்மில் ஒருவரைப் பற்றி எழுதும்போது பூமாலை மட்டும் போட்டால் அது வரலாறு ஆகாது.

1992 ஜூன் 3. குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற பில் கிளிண்டன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஹாலின் மேடையில் சாக்ஸபோன் வாசித்தார். வாசித்தது எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு. அரங்கம் குரைத்தது. புஷ் தரப்பு அதை இளக்காரமாகப் பேசியது. உன்னை யார் கூப்பிட்டது என்று ஹால் தன் மேடையிலிருந்தே புஷ்ஷைக் கேட்டார். நாட்டின் தலைவனைப் பார்த்து ஒரு கறுப்பர் தன் வீட்டு வாசலிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது அது. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அந்தச் சாக்ஸபோனுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததைப் பாருங்கள். அதே வருடம் ஜனவரி 24 அன்று, மூளை சிதைந்த ரிக்கி ரே ரெக்டர் என்ற கறுப்புக் கைதியைக் கொல்லும் நேரத்தில், பிரச்சாரத்தை விட்டுவிட்டுத் தன் மாநிலத்துக்குத் திரும்பிப் போனவர் இதே கிளிண்டன். நான் கண்டிப்பானவன் என்று வெள்ளை வாக்காளருக்குக் காட்ட வேண்டியிருந்தது. சாக்ஸபோன் வாசித்த பத்தாம் நாள், ஜூன் 13 அன்று, ஜெஸ்ஸி ஜாக்சன் கூட்டிய கூட்டத்துக்கே போய், சிஸ்டர் சோல்ஜா என்ற கறுப்பு ராப் பாடகியைக் கண்டித்துப் பேசினார். அதுவும் வெள்ளை வாக்காளர் காதுக்குத்தான். 1994 செப்டம்பரில் அவர் கையெழுத்திட்ட குற்றவியல் சட்டம் எத்தனை கறுப்பு இளைஞர்களைச் சிறைக்குள் தள்ளியது என்று இன்றுவரை அங்கே பேசுகிறார்கள். தேர்தல் வந்தால் காலனிக்கு வந்து நம் வீட்டுத் தட்டில் சாப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்பவர்களை நாம் பார்த்ததில்லையா? சோறு நம்முடையது, தட்டு நம்முடையது, போட்டோ அவருடையது. ஹாலின் மேடையும் அன்றைக்கு அந்தத் தட்டாகத்தான் ஆனது.

இன்னொன்று. 1990 டிசம்பரில் ஹாலின் அரங்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரினச் சேர்க்கையாளர் அமைப்பினர் எழுந்து, உங்கள் நிகழ்ச்சிக்கு எங்களை ஏன் கூப்பிடுவதில்லை என்று சத்தம் போட்டார்கள். ஹால் கோபப்பட்டுப் பதிலுக்குச் சத்தம் போட்டார். இது என் நிகழ்ச்சி என்கிற தோரணை. சோபாவில் இடம் கேட்டுத்தான் கிரகரியும் சண்டை போட்டார் என்பது அந்த நிமிடம் அவருக்கு நினைவில்லை. மறுவருடம் மாஜிக் ஜான்சன் வந்த இரவில், நான் ஓரினச் சேர்க்கையாளன் இல்லை என்று ஜான்சன் சொன்னபோது அரங்கம் ஆரவாரம் செய்தது. தீட்டுப்பட்டவனை அணைத்துக்கொண்ட அதே அரங்கம், இன்னொரு கூட்டத்தைத் தீட்டாக்கிக் கை தட்டியது. அடிபட்டவன் தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடுவது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியமா? நம் தெருவிலேயே குதிரை வண்டிக்காரர்கள், துப்புரவு வேலைக்காரர்கள், புதிரை வண்ணார்கள் என்று பிரித்துப் பார்க்கிற வாய்கள் இருக்கின்றன. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1994 பிப்ரவரி 25 அன்று இஸ்லாம் தேசம் அமைப்பின் லூயிஸ் ஃபரக்கானைக் கூப்பிட்டுப் பேசினார். கூப்பிட்டது தப்பில்லை என்பேன். ஆனால் யூத மக்களுக்கு எதிராக அந்த மனிதர் பேசி வந்த வெறுப்பை நேரே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். அழுத்திக் கேட்கவில்லை. நம் பக்கத்து மேடை என்பதற்காக நம் பக்கத்து வெறுப்பைக் கேட்காமல் விடுவது நமக்கும் கேடு.

6

நிகழ்ச்சி முடிந்ததற்குக் காரணம் ஃபரக்கான்தான் என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் குழி அதற்கு முன்னாலேயே வெட்டப்பட்டது. 1992இல் கார்சன் விலகியதும் டுநைட் ஷோ ஜே லெனோவுக்குப் போனது. லெனோவின் தயாரிப்பாளர், அங்கே போனவன் இங்கே வராதே என்று விருந்தாளிகளை நெருக்கினார். அந்தக் கெடுபிடி அம்பலமாகி 1992 செப்டம்பரில் என்பிசி அவரை வேலையிலிருந்து நீக்கியது. லெனோவை உதைப்பேன் என்கிற மாதிரி ஹாலும் பத்திரிகையில் வாய்விட்டார். வீராப்பு பேசியதில் லாபம் ஒன்றுமில்லை.

பெரிய அடி 1993 ஆகஸ்டில் விழுந்தது. டேவிட் லெட்டர்மேன் என்பிசியை விட்டு சிபிஎஸ்ஸுக்கு வந்தார். சிபிஎஸ்ஸைச் சேர்ந்த நிலையங்கள் அதுவரை ஹாலுக்குக் கொடுத்த நேரத்தைப் பிடுங்கி லெட்டர்மேனுக்குக் கொடுத்தன. அதற்கு அடுத்த வாரமே ஃபாக்ஸும் தன் இரவு நிகழ்ச்சியைத் தொடங்க, அந்த நிலையங்களும் போயின. ஃபாக்ஸ் நிகழ்ச்சி ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை என்றாலும் போன இடம் போனதுதான். ஹாலின் நிகழ்ச்சி நடுச்சாமத்துக்குத் தள்ளப்பட்டது. பார்ப்பவர் குறைந்தார்கள். 1994 ஏப்ரலில் நிறுத்தப்போவதாக அறிவித்தார். மே 27 கடைசி இரவு. முடிவதற்கு முன்னால் கே.ஆர்.எஸ்-ஒன், எம்.சி. லைட், வூ-டாங் கிளான், எ டிரைப் கால்ட் குவெஸ்ட் என்று ராப் பாடகர்களை ஒரே மேடையில் நிறுத்தி, ஒலிவாங்கியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பாட வைத்தார். போகும்போது பறையடித்துக்கொண்டு போனார் என்றுதான் நான் எழுதுவேன்.

அதன் பின் அவர் வாழ்க்கை ஏறியும் இறங்கியும் போனது. 1998 முதல் 2000 வரை 'மார்ஷியல் லா' தொடரில் நடித்தார். 2012இல் ஒரு போட்டி நிகழ்ச்சியில் வென்று அந்தப் பணத்தை மாஜிக் ஜான்சன் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். 2013 செப்டம்பரில் மறுபடி அதே பேரில் இரவு நிகழ்ச்சி தொடங்கினார். இன்னொரு வருடம் உண்டு என்று 2014 பிப்ரவரியில் சொன்னார்கள், மே மாதம் இல்லை என்றார்கள். 2021இல் பழைய படத்தின் இரண்டாம் பாகத்தில் நடித்தார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கதையும் அதே ஓட்டம். மாஜிக் ஜான்சனே 1998இல் ஓர் இரவு நிகழ்ச்சி தொடங்கினார், அதே வருடமே முடிந்தது. வாண்டா சைக்ஸ் என்ற கறுப்புப் பெண் 2009இல் வந்தார், 2010இல் முடிந்தது. லாரி வில்மோர் 2015இல் வந்தார், 2016இல் முடிந்தது. தென்னாப்பிரிக்காவின் ட்ரெவர் நோவா 2015 முதல் 2022 வரை நின்றார். டுநைட் ஷோவின் நிரந்தர மேசையில் 1954இலிருந்து ஒரு கறுப்பர்கூட உட்காரவில்லை.

7

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குக் கைபேசியில் ஹாலின் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் காட்டினேன். பாஷை புரியவில்லை. குரைக்கிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'பந்தல் யாருதுடா?' என்றார்.

'கம்பெனிக்காரங்களுது.'

'அப்ப எப்ப வேணாலும் பிரிச்சிடுவான்' என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் பக்கம் பக்கமாய் எழுதியதை அப்பா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஹால் பார்வையாளரை இழந்ததைவிட நிலையங்களை இழந்ததுதான் முதலில் நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார், அடுத்தவனையும் உட்கார வைத்தார், ஆனால் இடம் அவருடையது இல்லை. நாட் கிங் கோலுக்கும் அதுதான் நடந்தது. டாக்டர் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்ட கடிதம் அது. அந்தக் கடிதத்தின் காலத்திலிருந்தே அவர்கள் அனுபவத்தைப் படிப்பது நமக்குப் பொழுதுபோக்கு இல்லை. ஓர் அறிவிப்பாளரோ நெறியாளரோ நம் தெருவிலிருந்து வந்துவிட்டார் என்று சந்தோஷப்படுவோம், படவேண்டும். அதோடு நிலையம் யாருடையது, விளம்பரம் யாருடையது, எந்த நேரம் யார் கையில் என்றும் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டிக் கிரகரி மாட்டேன் என்று போனை வைத்தது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அவர் சொன்னார், எழுதினார்கள். நம் ஊர்களில் அடிக்க மாட்டேன் என்று பறையைத் தூக்கிப் போட்ட அப்பாக்கள், தாத்தாக்கள் எத்தனை பேர்? எந்த வருடம், எந்தத் திருவிழா, யார் முன்னால், பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது? அடி வாங்கினார்களா, வேலையை இழந்தார்களா, குடிசையை இழந்தார்களா? பெலஃபோன்டேவின் நாடா அழிந்த மாதிரி இதுவும் அழிந்துகொண்டிருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். எங்கப்பா கதையை நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.